லோத்தார் ஸ்விக் எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேலிக்கு மேலாகக் கிடைத்தது. கோஸ்லார் ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி, தோட்டச் சங்கம் வாடகைக்கு விடும் சின்னச் சின்னத் துண்டு நிலங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று என்னுடையது. பக்கத்துத் துண்டு ரோஸ்விதா பிளாகெயுடையது. ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவள் கீரைப் பாத்தியில் நத்தை பொறுக்கிக்கொண்டே இதைச் சொன்னாள். நான் இரண்டு கையிலும் சுரைக்காய் அளவு சீமைவெள்ளரிகளை ஏந்திக்கொண்டு நின்று கேட்டேன். பாதியில் போய்க் காய்களை வைத்துவிட்டு வரலாம்தான். ஆனால் கதை நின்றுவிடுமோ என்று பயம்.

"நீ எழுதுறவதானே, எழுதிக்கோ," என்றாள் கடைசியில். "ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா காட்டு."

(ரோஸ்விதா ஒல்லியானவள். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். மேலே போவோம்.)

எழுத உட்கார்ந்தேன். முதல் மூன்று தொடக்கங்கள் இங்கே இருக்கின்றன. தூக்கிப்போட மனமில்லை.

"மரணத்தைப் பற்றிப் பேசி வயிறு வளர்க்கும் ஒரு பெண்ணின் தனிமை," – வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் ஐந்தாவது வரியில் ஜன்னலோரம் ஒரு பூனை வந்து உட்காரும்.

"வருமான வரிச் சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு என்ன சொல்கிறது என்றால்," – இதை வெளியிடப்போகும் பத்திரிகையின் ஆசிரியர் அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "லைன்ல இருக்கீங்களா?" என்று என்னையே கேட்டார்.

"அன்று கோஸ்லாரில் மழை பெய்து," – கோஸ்லாரில் என்றைக்குத்தான் பெய்யவில்லை?

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். இது வரி பற்றிய கதை. எழுந்து போகிறவர்கள் இப்போதே போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

இந்த நாட்டில் சொந்தமாகச் சம்பாதிக்கிறவர்களை அரசாங்கம் இரண்டாகப் பார்க்கிறது. டாக்டர், வக்கீல், ஓவியர், பாட்டுக்காரர், என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் எல்லாம் சுயதொழிலர். ரொட்டிக்கடை, சலூன், பழைய கார் வியாபாரம் எல்லாம் வணிகர். வருமான வரி இரண்டு பேருக்கும் உண்டு. வணிகருக்கு அதற்குமேல் நகராட்சிக்கென்று ஒரு வணிக வரி. சுயதொழிலருக்கு அது கிடையாது.

இதுவரை சுலபம். சுயதொழிலர் எப்போது வணிகர் ஆகிறார் என்பதில்தான் வம்பு. பல் டாக்டர் பல் பிடுங்குகிறவரை சுயதொழிலர். வரவேற்பறையில் பல் துலக்கும் பிரஷ்களை அடுக்கி வைத்து விற்க ஆரம்பித்தால் அந்த பிரஷ் வணிகம். ஓவியர் படம் வரைந்தால் கலைஞர்; ஒரே படத்தைக் காப்பிக் கோப்பைகளில் அச்சடித்து விற்றால் கோப்பைக்காரர்.

ரோஸ்விதாவின் தொழில் இறுதி உரை. தேவாலயத்தை விட்டு விலகியவர்கள் செத்துப்போனால் பாதிரியார் வர மாட்டார். யாராவது பேச வேண்டுமே? அடக்கம் செய்யும் நிறுவனத்தார் ரோஸ்விதாவைக் கூப்பிடுவார்கள். அவள் வீட்டுக்குப் போய், காப்பி குடித்து, செத்தவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்து, கல்லறைத் தோட்டத்துக் கூடத்தில் இருபது நிமிடம் பேசுவாள். பேசி முடித்ததும் எல்லாரும் மூக்கைச் சிந்துவார்கள். பிறகு, ஊர் வழக்கப்படி, எல்லாருக்கும் உணவகத்தில் வெண்ணெய்க் கேக்.

அதற்கு முன்னால் அவள் ஒரு நாடக அரங்கத்தில் இருந்தாள். நடிகை இல்லை. மேடைக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள், தலை மட்டும் தெரிய உட்கார்ந்து, நடிகர்கள் வரியை மறந்தால் அடுத்த சொல்லை முணுமுணுக்கிற வேலை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் அப்படியே போனது. கைதட்டல் வரும்போது பெட்டிக்குள் காற்று அசையுமாம், அவ்வளவுதான். செலவைக் குறைக்கிறோம் என்று அந்தப் பெட்டியை மூடினார்கள். அதே வருஷம் அவளுடைய மைத்துனன் இறந்தான், பேச ஆளில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது இவள் எழுந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் எழுதித் தராத வாக்கியங்களைச் சத்தமாகச் சொன்னாள்.

வரி விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் அன்றிலிருந்து அவள் எழுதுவது ஒரே சொல்: கலைஞர்.

இந்தச் சொல்லைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அன்ஸ்கார் ஹோல்ஸ்ட் பிடித்துக்கொண்டார்.

3

ஹோல்ஸ்ட் வரித்துறையின் தணிக்கையாளர். அவருடைய நிஜப் பெயரைத் தமிழில் எழுதினால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள்; அதனால் மாற்றிவிட்டேன். முதல் வரைவில் அவருக்கு மெல்லிய உதடும், இடுக்கிய கண்ணும், தகர வாளி மாதிரிக் குரலும் கொடுத்திருந்தேன். ரோஸ்விதாவிடம் படித்துக் காட்டினேன்.

"யாரு இது?"

"ஹோல்ஸ்ட்."

"போடி. அவர் நல்ல குண்டு. குரல் தேன் மாதிரி இருக்கும்."

தேன் குரல் தணிக்கையாளர் கதைக்கு உதவ மாட்டாரே என்று கவலைப்பட்டேன். ஆனால் நடந்தது அதுதான், என்ன செய்ய? வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு சமையலறைக்குள் வந்து, ரொட்டி டப்பாவை மேசையில் வைத்து, "கரண்ட் பிளக் ஒண்ணு உபயோகிச்சுக்கலாமா மேடம்?" என்று கேட்டார் அந்த மனிதர்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நிஜத்தில் மேடமும் இல்லை, சாரும் இல்லை. இங்கே குடும்பப் பெயருக்கு முன்னால் ஒரு திருமதியோ திருவாளரோ ஒட்டிக்கொண்டு, கோபம் வந்தாலும் விலகாது. "திருமதி பிளாகெ, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்பார்கள். தமிழில் அந்த மரியாதையோடு திட்ட எனக்கு வரவில்லை. சார், மேடம் என்றே போகட்டும்.)

பில்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் புரட்டிவிட்டு மூடினார்.

"பில்லு எல்லாம் சரியா இருக்கு மேடம். இனி உரைகளைக் குடுங்க. மூணு வருஷத்து உரை."

"உரை எதுக்கு சார்? வரியை நான் பேசுறதுக்கா போடுறீங்க, சம்பாதிக்கிறதுக்கா?"

"நீங்க கலைஞர்னு எழுதியிருக்கீங்க. ஒவ்வொருத்தருக்கும் புதுசா யோசிச்சு எழுதினா கலைஞர். ஒரு அச்சு வெச்சுக்கிட்டு பேரை மட்டும் மாத்தினா வணிகர். இந்த மாதிரி இறுதி உரை பேசுறவங்க விஷயத்துல நீதிமன்றமே இப்படித்தான் சொல்லியிருக்கு. நானா சொல்லல."

"அச்சா? நான் என்ன செங்கல் சூளையா வெச்சிருக்கேன்?"

"அதைத்தான் மேடம் பாக்க வந்திருக்கேன்," என்றார் தேன் குரலில்.

4

இறந்தவர்களின் உரைகளை ஒரு வரி அதிகாரி சமையலறையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பது எப்படி இருக்கும் என்று நான் எழுத ஆரம்பித்து – அடித்துவிட்டேன். உவமை போடப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நடந்ததையே சொல்கிறேன்.

ஹோல்ஸ்ட் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கிற பழக்கமுள்ளவர். "'அவருடைய கைகள் சும்மா இருந்ததே இல்லை.' இது திரு நாகெல். 'அவருடைய கைகள் சும்மா இருந்ததே இல்லை.' இது திரு ஷ்ரோயர். 'அவருடைய கைகள்' – மேடம், இதுவும் சும்மா இல்ல."

"சார், இந்த ஊர்ல எந்த ஆம்பளை கை சும்மா இருந்துச்சு? இங்க இருந்த சுரங்கத்தை மூடினதும் எல்லாரும் எதையாவது நோண்டிக்கிட்டு கராஜுக்குள்ள போனவங்கதான், வெளிய வரல. நான் என்ன பண்றது? வயலின் வாசிச்சார்னு சொல்லவா?"

"சொல்லச் சொல்லல. ஆனா வேற மாதிரி சொல்லலாமே."

"அந்தந்த வீட்டம்மா என்கிட்ட என்ன சொன்னாங்களோ அதைத்தான் சொன்னேன். கட்டின பொண்டாட்டிக்கே புருஷனைப் பத்தி அது ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு!"

அவர் குறித்துக்கொண்டார். அடுத்ததைப் படித்தார். ரோஸ்விதாவால் பொறுக்க முடியவில்லை.

"அந்த இடத்துல மூச்சு விடணும் சார். 'போய்விட்டாள்'னு சொல்லிட்டு நிறுத்துங்க. நிறுத்தினாதான் முன்வரிசை அழும்."

ஹோல்ஸ்ட் நிறுத்திப் படித்தார். தணிக்கைக்கு இது தேவையில்லை. இருந்தாலும் நிறுத்தினார். பிறகு ரொட்டி டப்பாவைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

இங்கே எனக்கு ஒரு பயம் வந்ததைச் சொல்ல வேண்டும். நான் பிழைப்பது பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்த்து. தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த இடம், தேதி. இத்தனை வருஷத்தில் பெயரைத் தவிர என்னத்தை மாற்றியிருக்கிறேன்? மொழிபெயர்ப்பாளர் என்று சட்டத்திலேயே எழுதியிருப்பதால் தப்பித்தேன் என்று வைத்துக்கொண்டாலும், இந்தக் கதை? இதில் வரும் மழையை வேறு ஒரு கதையிலும் பெய்ய விட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தைக் கோஸ்லாரில் உரக்கப் படிக்காதீர்கள்.

5

அடுத்த வாரம் ஹோல்ஸ்ட் திரும்ப வந்தபோது ரோஸ்விதா துணைக்கு ஆள் வைத்திருந்தாள். யோஹென் ஸ்ட்ரூபே, வரி ஆலோசகர். நாடக அரங்கத்தில் கணக்கு பார்த்தவர், அவளுக்கு அந்தக் காலத்திலிருந்தே நண்பர். வாக்கியத்தை முடிக்கவே தெரியாத மனிதர். முடிப்பதற்குள் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள், அவரும் விட்டுவிடுவார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதுல ஒரு வரம்பு–" என்று ஆரம்பித்தார் யோஹென்.

"இருடா," என்றாள் ரோஸ்விதா. "சார் என்னமோ யோசிச்சுக்கிட்டு வந்திருக்கார்."

ஹோல்ஸ்ட் யோசித்துத்தான் வந்திருந்தார். "மேடம், நீங்க தனியா தொழில் பண்றீங்க. கூட்டாளி யாரும் இருந்திருந்தா ஒரு துளி வணிகம் கலந்தாலே மொத்தமும் வணிகம்னு ஆகியிருக்கும். தனி ஆளுங்கறதால பிரிச்சுப் பாக்கலாம். உரைகளை ரெண்டு குவியலா பிரிப்போம். புதுசா யோசிச்சது கலை, இந்தப் பக்கம். அச்சுல வார்த்தது வணிகம், அந்தப் பக்கம்."

"யார் பிரிக்கிறது?"

"நீங்களும் நானும். சேர்ந்து."

மேசையைத் துடைத்தார்கள். சர்க்கரைக் கிண்ணத்தை நடுவில் எல்லையாக வைத்தார்கள். யோஹென் காப்பி போடப் போனார்.

முதல் ஒரு மணி நேரம் ரோஸ்விதாவுக்கு ஜாலியாக இருந்தது. அதை மறைக்காமல் என்னிடம் சொன்னாள். ஒவ்வொரு உரைக்கும் கட்சி கட்டிச் சண்டை போட்டாள்.

"எடெல்ட்ராவுட் ஸீவெர்ஸ். கலை! சந்தேகமே வேண்டாம்."

"பனி தள்ளுற வண்டி ஓட்டினவங்கதானே? பாத்தேன். உரை முழுசும் வானிலை அறிக்கை மாதிரியே போகுது. கடைசியில 'இன்று பனிப்பொழிவு இல்லை, சாலை திறந்திருக்கிறது'ன்னு முடியுது. எனக்கே–" ஹோல்ஸ்ட் கண்ணாடியைத் துடைத்தார். "கலைதான்."

"அடுத்து ஃபோகெல்ஸாங். அந்தப் பக்கம் போடுங்க."

"நீங்களே அந்தப் பக்கம்னு சொல்றீங்களா?"

"அந்த ஆளு உயிரோட இருந்தப்பவே அச்சுதான் சார்."

ஒருவரை இந்தப் பக்கம் வைத்தார்கள், ஒருவரை அந்தப் பக்கம். தன் வீட்டுச் சமையலறையில், செத்தவர்களைச் சர்க்கரைக் கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் அடுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது ரோஸ்விதாவுக்கு உறைக்கவில்லை. உறைத்தது லோத்தார் ஸ்விக் வந்தபோது.

6

[இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ரோஸ்விதா அழுதாள். நிஜத்தில் அவள் அழவில்லை, கத்தினாள். எனவே இது ஐந்தாவது.]

லோத்தார் ஸ்விக் கூரைக்கு ஸ்லேட் கல் வேய்கிறவர். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பிராண்டெஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு புதர் வேலியின் உயரம் பற்றித் தகராறு. அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிராண்டெஸ் முதலில் இறந்தார். ரோஸ்விதாதான் பேசினாள். இரண்டு வருஷம் கழித்து ஸ்விக். அதற்கும் ரோஸ்விதாதான்.

ஹோல்ஸ்ட் இரண்டு உரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"மேடம், இது ஒரு எழுத்துகூட மாறல."

"மாறாது."

"'மன்னிப்பு கேட்கத் தெரியாதவர். அதற்குப் பதிலாக ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.' அதே இடம். அதே கமா. பேரு மட்டும் வேற. இதைவிட சுத்தமான அச்சை நான் பாத்ததில்ல." அவர் தாளை அந்தப் பக்கம் வைத்தார்.

ரோஸ்விதா அதை எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள்.

"மேடம்?"

"இது கலை."

"எப்படி மேடம் கலை?"

"அவங்க வீட்டம்மா ஹன்னெலோரெ என்ன சொன்னாங்க தெரியுமா? 'புதுசா எதுவும் எழுதாதீங்க. பிராண்டெஸ் சாவுல பேசினீங்களே, அதையே பேசுங்க. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுட்டு வந்து எனக்கும் இதையே பேசச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்'னாங்க. நான் மூணு நாள் உக்காந்து யோசிச்சேன் சார். ஒரு வார்த்தை மாத்தலாமான்னு. மாத்தாம இருக்கத்தான் கஷ்டப்பட்டேன்."

"கஷ்டப்பட்டீங்க, சரி. ஆனா உருவாக்கல."

"உங்களுக்குப் புரியல."

"எனக்குப் புரியுது மேடம். சட்டத்துக்குப் புரியாது."

"அந்தம்மாவையே கேளுங்க!" என்று சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அதிகாரி ஒருவர் தணிக்கை நடக்கும்போது இதை அனுமதிக்கலாமா என்று நான் விசாரித்தேன். கூடாது. ஆனால் ஹோல்ஸ்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஹன்னெலோரெ ஸ்விக்கின் குரல் சமையலறை முழுக்க நிறைந்தது.

"ஆமா, அதே உரைதான். நான்தான் கேட்டேன். ஏன், இப்ப அதுக்கும் வரியா?"

"அம்மா, நான் வரித்துறையிலேர்ந்து பேசறேன். ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுக்காரருக்கு ஏன் அடுத்தவருக்கு எழுதினதையே கேட்டீங்க?"

"அடுத்தவருக்கா? யாரு சொன்னா? அந்த ஏணி எங்க ஏணி!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிராண்டெஸ் ஏணியைத் தொட்டதே இல்லைங்க. அவருக்குத் தலை சுத்தும். சண்டை வந்து பேச்சு நின்னப்புறம், அவங்க கூரையில ஒழுகுதுன்னு என் வீட்டுக்காரர்தான் ஒருநாள் வாயே திறக்காம ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்தி வெச்சுட்டு வந்தார். அந்த ஆளும் வாயே திறக்கல. ஏணியைத் திருப்பிக் குடுக்கவும் இல்ல. பிராண்டெஸ் பொண்டாட்டி பார்த்தது வீட்டுச் சுவத்துல சாத்தின ஏணியை. மன்னிப்பு கேக்கறதுக்குப் பதிலா புருஷன் தூக்கிட்டு வந்ததுன்னு நெனச்சுக்கிட்டு, ரோஸ்விதா, உங்ககிட்ட சொல்லியிருக்கா. நீங்களும் அதை அழகா பேசிட்டீங்க. என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில உக்காந்து கேட்டுட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பாட்டு வரைக்கும் பேசவே இல்ல. அப்புறம் சொன்னார், 'என்னைப் பத்தி நல்லாப் பேசினாங்க'ன்னு."

ஹோல்ஸ்ட் தொண்டையைச் செருமினார். "அப்போ, பிராண்டெஸுக்குப் பேசினது–"

"அங்க வீணாப் பேசினது. எங்களுக்குப் பேசினதுதான் சரி. வேற ஏதாவது கேக்கணுமா? அடுப்புல சூப் இருக்கு."

7

போனை வைத்தார்கள். பிறகு ஹோல்ஸ்ட் பிராண்டெஸ் உரையை எடுத்து, அதுவரை அது இருந்த கலைப் பக்கத்திலிருந்து அச்சுப் பக்கம் நகர்த்தினார். யோசித்தார். திரும்ப எடுத்தார்.

"முதல்ல எழுதினது எப்படி நகலாகும்?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

"அதேதான் நானும் சொல்லவந்தேன், அதுக்கு முன்னாடி அந்த வரம்பு–" என்றார் யோஹென்.

"இருடா!" ரோஸ்விதா எழுந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள். அச்சுப் பக்கத்தில் ஃபோகெல்ஸாங் இருந்தார், நாகெல் இருந்தார், ஷ்ரோயர் இருந்தார். அவர்கள் வீட்டுப் பெண்கள் கொடுத்த காப்பி ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. நாகெல் வீட்டில் பால் திரிந்திருந்தது. அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை, இவள் குடித்துவிட்டாள். அந்த அம்மாளிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் வணிகத்தில் வந்துவிட்டார், சூளைச் செங்கல், என்று சொல்ல முடியுமா?

சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"எல்லாரையும் ஒண்ணாப் போடுங்க."

"எங்க?"

"வணிகத்துல. மொத்தமா. நான் வணிகர். கையெழுத்து எங்க போடணும்?"

"ரோஸ்விதா!" என்றார் யோஹென்.

"நான் இத்தனை வருஷம் பெட்டிக்குள்ள உக்காந்து மத்தவன் வார்த்தையை ஓதினவ. கலைஞர்னு ஒரு வார்த்தை எனக்குக் கிடைச்சா அழகா இருக்கும்னு நெனச்சேன். அதுக்காக நாகெலை அந்தப் பக்கம் தனியா உக்காத்தி வெக்க முடியாது. ரொட்டிக்கடைக்காரர் கட்டுற வரியை நானும் கட்டிட்டுப் போறேன்."

இந்த இடத்தில் ஹோல்ஸ்ட் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். எந்தத் தணிக்கையாளரும் விடுவார். நானாக எழுதியிருந்தால் விட வைத்திருப்பேன். அவர் முகம் சிவந்தது.

"முடியாது மேடம்."

"என்ன முடியாது?"

"ஆசைப்பட்டு வணிகர் ஆக முடியாது. கலையை வணிகம்னு எழுதி வரி வாங்கினா அது தப்பு. என் பேர்ல தப்பு." அவர் குவியலுக்குள் கையை விட்டு எடெல்ட்ராவுட் ஸீவெர்ஸை உருவினார். "இதைப் பாருங்க. 'சாலை திறந்திருக்கிறது.' இதுவா வணிகம்? நீங்களே கலைன்னீங்களே!"

"சும்மா விளையாட்டுக்கு எழுதினது. வணிகம்."

"இந்த மீன் வளர்த்தவர்? செத்தவர் பேரையே சொல்லாம அவர் வளர்த்த மீனைப் பத்தி மட்டும் இருபது நிமிஷம் பேசியிருக்கீங்க!"

"பேரு மறந்துபோச்சு சார்."

"பொய் சொல்றீங்க!"

"அதிகாரியா இருந்துக்கிட்டு வரி கட்டுறேன்னு சொல்றவளை வேணாங்கறீங்க!"

"சட்டப்படிதான் வேணாங்கறேன்!"

தேன் குரல் போய்விட்டது. கீழ் வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல் தன் வீட்டு உட்கூரையைத் தடியால் தட்டினார். அந்தச் சத்தத்தில் எல்லாரும் வாயை மூடிய அரை நிமிடத்தில்தான் யோஹென் ஸ்ட்ரூபே வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முடித்தார்.

"வணிகத்துல வருஷத்துக்கு இருபத்துநாலாயிரத்து ஐந்நூறு யூரோ லாபம் வரைக்கும் வணிக வரியே கிடையாது, அந்தப் பக்கத்துக் குவியல் மொத்தத்தையும் சேர்த்தாலும் எந்த வருஷமும் அதுல பாதி தாண்டாது, அதனால சார் பிரிச்சபடியே பிரிச்சா வரி பூஜ்யம், இதைத்தான் வந்ததுலேர்ந்து சொல்லப் பாக்கறேன்."

ஹோல்ஸ்ட் உட்கார்ந்தார். "எனக்கும் தெரியும்," என்றார் மெதுவாக. "முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா ரெண்டு நாளா இங்க உக்காந்து படிச்சீங்க?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"சரியாப் பிரிக்கணும் மேடம்." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், படிச்சுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு."

8

வரி விஷயம் அதோடு முடிந்தது. வணிக வரி பூஜ்யம். குவியல்கள் திரும்பப் பிரிக்கப்பட்டன; முதலில் எழுதியது என்று பிராண்டெஸ் கலைப் பக்கமே நின்றார். ஹோல்ஸ்ட் பிடிவாதமாக இருந்தார், நாகெல் அச்சுப் பக்கமே போனார். "அவருக்கு அங்க துணைக்கு ஷ்ரோயர் இருக்கார்," என்று யோஹென் சமாதானம் சொன்னார். ரோஸ்விதா சமாதானம் ஆகவில்லை. ஆனால் சர்க்கரைக் கிண்ணத்தை எல்லையாக வைக்க அனுமதிக்கவில்லை, அந்தமட்டில் ஜெயித்தாள். இப்போதும் பேசுகிறாள். போன வாரம்கூட ஒரு தபால்காரருக்குப் பேசிவிட்டு வந்தாள். கைகள் சும்மா இருந்ததே இல்லை என்ற வாக்கியத்தை விட்டாளா என்று கேட்டேன். "தபால்காரர்டி. கை எப்படி சும்மா இருக்கும்?" என்றாள்.

மிச்சம் ஒருவர்தான். லோத்தார் ஸ்விக். எந்தப் பக்கம் போட்டாலும் வரி மாறாது, யாருக்கும் ஒரு காசு கூடாது, குறையாது. இருந்தாலும் அறிக்கையில் ஏதாவது ஒரு பக்கம் அவரை எழுத வேண்டும்.

"அப்புறம் எந்தப் பக்கம் போட்டாங்க?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டேன். கை இரண்டும் மரத்துப்போயிருந்தது.

ரோஸ்விதா ஒரு நத்தையை வாளியில் போட்டாள். "நான் சொல்லி நீ எழுதினா அது வணிகம்," என்றாள். "நீயா எழுதினா கலை. யோசிச்சுக்கோ."

நானும் யோசித்தேன்.

முடிவு ஒன்று: ஹோல்ஸ்டின் தகப்பனார் இறந்துபோகிறார், ஹோல்ஸ்ட் கறுப்புக் கோட்டோடு ரோஸ்விதா வீட்டு வாசலில் வந்து, அந்த ஏணி உரையையே – வேண்டாம். நீங்கள் ஆறாம் பகுதியிலேயே இதை எதிர்பார்த்திருப்பீர்கள். தவிரவும் அவருடைய தகப்பனார் நன்றாக இருக்கிறார், ஓய்வூதியத்தில் சைக்கிள் ஓட்டுகிறார். கதைக்காக ஒருவரைக் கொல்வது எனக்குப் பிடிக்காது.

முடிவு இரண்டு: ஹன்னெலோரெ ஸ்விக் நேரில் வந்து, பிராண்டெஸ் வீட்டுச் சுவரிலிருந்து ஏணியைத் திரும்பக் கொண்டுபோகிறாள். படமாக எடுத்தால் நன்றாக இருக்கும். ஆனால் கேள்விக்கு இதில் பதில் இல்லை.

முடிவு மூன்று: ஹோல்ஸ்ட் அறிக்கையில் "கலை" என்று எழுதுகிறார், மேலதிகாரி அதை அடித்து "வணிகம்" என்று எழுதுகிறார், அதற்கு மேலே இருக்கிறவர் – இது வளர்ந்துகொண்டே போய் பெர்லின் வரை எட்டியது. நிறுத்திவிட்டேன்.

எனக்கு முடிவு வரவில்லை. ஹோல்ஸ்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு எழுத்தும் மாறாத நகல். ஹன்னெலோரெயின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஊரில் அதைவிடப் பொருத்தமாக யாருக்கும் எதுவும் எழுதப்படவில்லை. இரண்டும் ஒரே தாள்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். சமையலறை அப்படியே இருக்கிறது, நான் எதையும் கலைக்கவில்லை. யோஹென் நான்காவது தடவையாகக் காப்பி ஊற்றுகிறார். மேசையின் ஒரு பக்கம் ரோஸ்விதா பிளாகெ, மறு பக்கம் அன்ஸ்கார் ஹோல்ஸ்ட். இருவருக்கும் நடுவில் அந்த ஒற்றைத் தாள். ஒரு ஓரத்தை அவள் பிடித்திருக்கிறாள், மறு ஓரத்தை அவர் பிடித்திருக்கிறார். கிழிந்துவிடக் கூடாதே என்று இருவருமே அழுத்திப் பிடிக்கவில்லை. சாலைப் பக்கம் மழை விட்டிருக்கிறது. ஹோல்ஸ்டுக்கு ரயிலுக்கு நேரமாகிறது, ஆனால் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

யாராவது ஒருவர் உள்ளே வந்து அதை வாங்கினால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. ஷூவை மட்டும் வாசலில் கழற்றிவிட்டு வாருங்கள்.